எதைக் கேட்டு வேண்டுவது?

திருக்கோயிலுக்குச் செல்லும் நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு வேண்டுதலோடுதான் கொடிமரத்தைக் கடக்கிறோம். மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும், பேரனுக்குக் காய்ச்சல் தணிய வேண்டும், பருவத்தில் மழை பொழிய வேண்டும் என்று கேட்கிறோம். நாம் கேட்பது கிடைப்பதனால் இன்னொரு வீட்டில் விளக்கு அணையப் போவதில்லை என்ற நிம்மதி, நம்மை அறியாமலே அந்த வேண்டுதலுக்குள் இருக்கிறது. அந்த நிம்மதி இல்லாமல் மூன்று ஆண்டுகள் இறைவன் திருமுன் நின்றவன் நான். இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்த காலம் அது. உறுப்பு மாற்று சிகிச்சை பற்றிய மருத்துவச் செய்திகளை அன்பர்கள் பலவாறாகப் படித்திருப்பீர்கள். நோயாளியின் மனத்துக்குள் நிகழ்வதையும், அந்த மனத்தைத் தாங்கிப் பிடிக்கும் செவிலியரின் தொண்டையும் எழுதுவோர் குறைவு. ஆதலால் இதை எழுதத் துணிந்தேன்.

நெய்வேலிச் சுரங்கத்தின் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது வெளிப்பட்ட கரும்பொருளே பின்னாளில் இந்நகரியம் தோன்றக் காரணமாயிற்று என்பது இவ்வூரார் அனைவரும் அறிந்த வரலாறு. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்துடன் ஊற்றுநீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை மேலெழும்பிப் பிளக்காமல் நிற்கும். 2016-ஆம் ஆண்டு, உயர் இரத்த அழுத்தத்தால் என் சிறுநீரகங்கள் பழுதுற்றன என்று மருத்துவர் சொன்னபோது, அதை எனக்கு விளக்க அவர் உவமை தேட வேண்டியிருக்கவில்லை. நீரை வெளியேற்றும் மோட்டார் நின்றுபோனால் என்ன நேரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். உடலிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் தூய்மை செய்து மீண்டும் உடலுக்குள் செலுத்துவார்கள். பருகும் நீருக்கும் அளவு உண்டு. காலை முதல் இரவு வரைக்கும் எனக்கு அனுமதிக்கப்பட்டது முக்கால் லிட்டர். பொட்டாசியம் மிகுந்தவை என்பதால் இளநீரும் பலாப்பழமும் விலக்கு. பண்ருட்டிக்கு இவ்வளவு அருகில் குடியிருந்துகொண்டு, வைகாசி ஆனி மாதங்களில் தெருவெங்கும் பலா மணக்க, ஒரு சுளையும் தொடாமல் மூன்று கோடைகளைக் கடந்தேன். உடலின் துன்பம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

என் மனைவிக்கு நீரிழிவு இருந்ததால் அவர் சிறுநீரகம் தர இயலாது என்று கூறிவிட்டனர். தருவதற்கு முன்வந்த மகள் அப்போது கருவுற்றிருந்தாள். ஆகவே அரசின் உறுப்பு மாற்றுப் பட்டியலில் என் பெயர் பதிவாயிற்று. பதிவு மூப்பு, இரத்த வகை முதலியவற்றைக் கொண்டு வரிசை அமையும். முறை வரும்போது தொலைபேசியில் அழைப்பார்கள். அழைப்பு வரும் நாள் எனக்கு நன்னாள். வேறு ஒரு குடும்பத்துக்கு அது எத்தகைய நாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நடுங்கும். தீபாவளிக்கு முன் என்னைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், "விடுமுறை நாளில் சாலையில் விபத்து அதிகம், உங்களுக்குச் சீக்கிரம் கிடைத்துவிடும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் நகரியத்தில் அழகிய திருச்சிற்றம்பலமுடையான் திருக்கோயிலில், பேருருவ ஐம்பொன் மேனியராக ஆடல்வல்லான் எழுந்தருளியிருக்கிறார். அங்கே மனுநீதி முறைப்பெட்டி ஒன்று உண்டு. குறையுள்ளோர் அதை எழுதிப் பெட்டியில் இட்டு, ஆராய்ச்சி மணியை அசைத்துச் செல்வது வழக்கம். பிறருக்காகப் பலமுறை எழுதி இட்டிருக்கிறேன். எனக்காக எழுத அமர்ந்தபோது கை ஓடவில்லை. "சிறுநீரகம் கிடைக்க வேண்டும்" என்று எழுதினால், அதன் மறுபக்கத்தில் எழுதாமல் எழுதப்படுவது என்ன? உயிர் வாழும் ஆசையை விடவும் முடியவில்லை. அதை வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. மனைவியிடம் சொன்னால் அவர் கலங்குவார் என்று அதை மனத்திலேயே வைத்திருந்தேன்.

முதலில் அதை அறிந்தவர் டயாலிசிஸ் செவிலியர் ஒருவர். கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண். என் மகளை விட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். இடக்கையில் ஊசி செருகும் முன் இரத்தக் குழாயின் அதிர்வை விரலால் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அப்போது முகத்தையும் பார்ப்பார். "என்ன அப்பா, நாலு நாளா பேச்சே இல்லை?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் உடனே மறுமொழி கூறவில்லை. இயந்திரத்தைச் சரிபார்த்து, பக்கத்துப் படுக்கைக்காரரையும் பார்த்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "நீங்க கேட்டதால யாருக்கும் சாவு வராது அப்பா. கேட்காததால எந்தச் சாவும் நிற்காது. அது நம்ம கையில இல்லை. ஆனா அப்படி ஒரு நேரம் ஒரு வீட்டுக்கு வந்துட்டா, அந்த அம்மா அப்பாவுக்கு மனசுல பலம் வேணும்ல? அதைக் கேளுங்க. உங்களுக்குக் கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் அது நல்ல வேண்டுதல்தானே" என்றார்.

எத்தனையோ உபந்நியாசங்கள் கேட்டிருக்கிறேன். எனக்கு வழி காட்டியது அந்தச் சொற்கள். அன்று முதல், முகம் அறியாத ஒரு குடும்பத்தின் மனவலிமைக்காக வேண்டத் தொடங்கினேன். முறைப்பெட்டியிலும் அதையே எழுதி இட்டேன்.

அந்த மனவலிமை எவ்வளவு பெரியது என்பதைத் தமிழ்நாடு 2008 செப்டம்பரில் கண்டது. திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் சிறுவன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களாகிய அவனுடைய தாய் தந்தையர் அவன் உறுப்புகளைத் தானமாக அளித்தனர். அவன் இதயத்தைச் சுமந்து சென்ற வாகனத்துக்குச் சென்னையில் போக்குவரத்தை நிறுத்தி வழி ஒதுக்கினார்கள். ஒரு சிறுமியின் உடலில் அந்த இதயம் பொருத்தப்பட்டது. அந்நிகழ்ச்சிக்குப் பிறகே நம் மாநிலத்தில் மூளைச்சாவு, உறுப்புத் தானம் என்னும் சொற்கள் சாதாரண வீடுகளிலும் புழங்கலாயின. 

மருத்துவம் இந்நிலையை எய்த நெடுங்காலம் பிடித்தது. 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இரட்டைச் சகோதரர்களில் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. 1967-இல் தென்னாப்பிரிக்காவில் முதல் மனித இதய மாற்று நடந்தது. பெற்றவர் 18 நாள்களே வாழ்ந்தார். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்று நடைபெற்றது. 1994-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் மூளைச்சாவை மரணமாக ஏற்றது. மருத்துவர் நால்வர் அடங்கிய குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்த பின்னரே மூளைச்சாவு என்று சான்றளிக்க இயலும். "உயிர் இருக்கும்போதே எடுத்துவிடுவார்களோ" என்று அஞ்சும் அன்பர்கள் இதை மனத்தில் கொள்ளல் நலம்.

முதல் அழைப்பு 2018 ஐப்பசியில் வந்தது. இரவோடிரவாகச் சென்னை சென்றோம். ஓர் உறுப்புக்குப் பொருத்தமானவர் ஒருவரே ஆயினும், சோதனையில் ஒருவருக்கு ஒவ்வாது போனால் மற்றவருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக ஒன்றுக்கு மேற்பட்டோரை அழைப்பது உண்டு. அன்று பொருத்தம் மற்றவருக்கு அமைந்தது. விடியற்காலையில் திரும்பி வந்தோம். பேருந்தில் என் மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை. திண்டிவனம் தாண்டியதும், "அந்தத் தம்பிக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்காம். அவருக்குக் கிடைச்சது நல்லதுதாங்க" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. இரண்டும் உண்மையே. வருத்தமும் மகிழ்ச்சியும் ஒரே கண்ணீரில் கலந்து வரக்கூடும் என்பதை அன்று அறிந்தேன்.

இரண்டாம் அழைப்பு 2019 தை மாதம். இம்முறை பொருத்தம் அமைந்தது. பழைய சிறுநீரகங்களை எடுக்காமல், அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் புதியதைப் பொருத்தினார்கள். கண் விழித்தபோது எல்லோரும் மகிழ்ச்சியோடு இருந்தனர். ஆனால் சிறுநீர் வரவில்லை. இறந்தவர் உடலிலிருந்து பெறும் சிறுநீரகம் சில வேளைகளில் உடனே இயங்காது. நாள்கள் சில ஆகலாம். மீண்டும் டயாலிசிஸ் செய்தார்கள். ஒரு குடும்பம் தன் துயரத்தின் நடுவே எடுத்துக் கொடுத்த கொடை என் உடலில் வீணாகிறதோ என்னும் எண்ணம் அப்போது என்னைத் தின்றது. அறுவையின் வலி அதற்கு முன் ஒன்றுமில்லை.

அந்தத் தனியறையில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் நடுத்தர வயதினர். மணிக்கொருமுறை வந்து, சிறுநீர்ப் பையைப் பார்த்து, அளவைக் குறித்துவிட்டுப் போவார். பையில் ஒன்றும் இராது. ஆயினும், ஏதோ இருப்பதைப் பார்ப்பவர் போல அதே கவனத்தோடு குனிந்து பார்ப்பார். நான் அழுதுகொண்டிருந்ததை ஒரு நாள் கண்டுகொண்டார். "அழாதீங்க" என்று சொல்லவில்லை. "அது இன்னும் களைப்பாறலை அப்பா. ஒரு உடம்பை விட்டு இன்னொரு உடம்புக்கு வந்திருக்கு. கொஞ்சம் தூங்கட்டும். நான் முழிச்சிருக்கேன்" என்றார். எட்டாம் நாள் வைகறையில் அவர் என்னைத் தொட்டு எழுப்பினார். கையில் விளக்கைப் பிடித்துப் பையைக் காட்டினார். ஐம்பது மில்லி இருக்கும். அவர் முகத்தில் கண்ட ஒளியை, ஆருத்ரா தரிசனத்தன்று தீபாராதனைக்கு முன் நிற்போர் முகத்தில்தான் கண்டிருக்கிறேன்.

இனி நலம்தான் என்று எல்லோரும் எண்ணினர். என் மனம் அதன் பிறகே மிகத் தளர்ந்தது. காரணமின்றி அழுகை வந்தது, மனைவி மீது சினம் பொங்கியது, கை நடுங்கிற்று, உறக்கம் போயிற்று, முகம் உப்பிக் கண்ணாடியில் வேறொருவராய்த் தெரிந்தேன். உயிர் பிழைத்தவன் நன்றியோடு சிரிக்க வேண்டாமா, நான் ஏன் இப்படி ஆனேன் என்று மருகினேன். அச்செவிலியர் என் மனைவியையும் அருகில் அழைத்து அமர்த்தி விளக்கினார். புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்கக் கொடுக்கும் மருந்துகளில் ஸ்டீராய்டு மனநிலையையும் உறக்கத்தையும் முகத்தோற்றத்தையும் மாற்றும். டாக்ரோலிமஸ் கையை நடுங்கச் செய்யும். அளவு குறையக் குறைய இவை தணியும் என்றார். அதற்கு மேல் ஒன்று சொன்னார். "மருந்து பாதிதான் அப்பா. மீதி, இது யாரோடதோன்னு நினைக்கிறீங்க பாருங்க, அது. இந்த வார்டுல அதை நினைக்காதவங்க யாருமே இல்லை." அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எவ்வளவு ஆறுதல் தந்தது என்பதை, அந்நிலையில் இருந்தோர் மட்டுமே அறிவர். நான் நன்றி கெட்டவனும் அல்லன், பித்தனும் அல்லன். பலர் நடந்த வழியில் நடக்கிறேன்.

இந்நிகழ்ச்சிகளை எண்ணும்போது எனக்கு எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள திருவதிகை நினைவுக்கு வரும். சூலை நோயால் துடித்த மருணீக்கியார், பின்னாளில் திருநாவுக்கரசர் ஆனவர், இரவோடு இரவாகத் தம் தமக்கையாரை நாடி வந்தது அவ்வூருக்குத்தான். திலகவதியார் தம்பியின் நோயைத் தாம் வாங்கிக்கொள்ளவில்லை; நோயை நீக்கியவரும் அவர் அல்லர். திருநீறு அளித்தார். விடியும் முன் அலகிடவும் மெழுகவும் தாம் கோயிலுக்குச் செல்லும்போது தம்பியையும் உடன் அழைத்துச் சென்று வீரட்டானத்து இறைவன் திருமுன் நிறுத்தினார். அன்றாடத் தொண்டுக்குப் போகும் வழியிலேயே, துடிக்கும் ஒருவரைக் கைப்பிடித்து நடத்திச் சென்ற அந்த அம்மையாரைச் செவிலித் தொண்டின் திருவுருவாகவே நான் வணங்குகிறேன். குணமாக்குவது இறைவன் செயல். மருத்துவர் அதன் கருவி. குணமாகும் வரைக்கும் உடன் நடப்பது செவிலியர் தொண்டு.

வீடு திரும்பிய பின் வேறொரு சோதனை காத்திருந்தது. முதல் சில மாதங்கள் கூட்டத்துக்குள் செல்லலாகாது. நோய் எதிர்க்கும் ஆற்றலை மருந்துகள் குறைத்திருக்கும். காய்ச்சாத தீர்த்தம், திறந்து வைத்த பஞ்சாமிர்தம், நறுக்கி வைத்த பழம் எதுவும் கூடாது. பம்பளிமாஸ் மருந்தின் அளவை மாற்றிவிடும் என்பதால் அதுவும் விலக்கு. பங்குனி உத்திரத்தன்று வில்லுடையான்பட்டு முருகன் திருக்கோயிலுக்குக் காவடிகள் சென்றன. மேளச் சத்தம் கேட்டது. நான் சன்னலுக்குப் பின்னே நின்றேன். அன்போடு பிரசாதம் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மாள், நான் வாயில் இடாததைக் கண்டு முகம் வாடினார். சாமி பிரசாதத்தால் ஒருவருக்குக் கெடுதல் வருமா என்று தெருவில் பேச்சும் எழுந்தது. அந்த வருத்தத்தை அந்தச் செவிலியரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "விபூதி தூரத்துல இருந்து வாங்கி நெத்தியில இட்டுக்கோங்க. சாப்பிடறதுக்கு அம்மா சுடச்சுட சமைச்சுப் படைக்கட்டும். கோயில் எங்கேயும் போகாது அப்பா" என்றார். மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய திருநின்றவூர்ப் பூசலாரை ஏற்ற பெருமான், சன்னல் வழியே கும்பிட்ட என்னையும் ஏற்றிருப்பார். மறு ஆண்டு உலகமே முகக்கவசம் அணிந்தபோது, ஓராண்டு முன்பே அதைப் பழகிய என்னிடம் அதே பக்கத்து வீட்டம்மாள் வந்து, எப்படிக் கட்டுவது என்று கேட்டுச் சென்றார்.

சிறுநீரகம் அளித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிவிக்கமாட்டார்கள், அதுவே முறை. ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த மதம் என எதையும் அறியேன். அவ்வாண்டு மகாளய அமாவாசையன்று, கூட்டம் சேருமுன் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சென்றேன். என் முன்னோருக்குத் தர்ப்பணம் முடிந்ததும், இன்னும் ஒருவருக்குச் செய்ய வேண்டும் என்றேன். பெயரும் கோத்திரமும் கேட்டார் சாஸ்திரிகள். தெரியாது என்று கூறிக் காரணத்தைச் சொன்னேன். அவர் சற்று நேரம் கடலைப் பார்த்திருந்தார். பிறகு, "நம் குலத்தார் அல்லாத காருண்ய பித்ருக்களுக்கும் மகாளயத்தில் இடம் உண்டு. பெயர் தெரியாவிட்டால் என்ன, அவருக்குத் தெரியும்" என்று சொல்லி எள்ளை என் கையில் இட்டார். அன்று முதல் ஆண்டுதோறும் தவறாமல் செய்து வருகிறேன்.

அன்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். உறுப்பை அளித்தால் மறுபிறவியில் அவ்வுறுப்பின்றிப் பிறக்க நேரும் என்னும் அச்சம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தம் கண்ணையே இடந்து அப்பிய கண்ணப்பரை நாயன்மாராகப் போற்றும் நாம் அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. உறுதிமொழி அட்டை எழுதி வைத்தாலும், உரிய நேரத்தில் ஒப்புதல் தர வேண்டியவர்கள் குடும்பத்தார். ஆகவே உங்கள் விருப்பத்தை இன்றே வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். உறுப்புத் தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்ததையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, உறுப்பு மாற்று செய்துகொண்டவரைக் காணச் செல்லும்போது, "இனி என்ன கவலை" என்று சொல்லாதீர்கள். கையைக் கழுவிக்கொண்டு, சற்றுத் தள்ளி அமர்ந்து, அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சும்மா இருங்கள். பிரசாதத்தை அவர் மறுத்தால் வருந்தாதீர்கள்.

மூன்றாவது, அர்ச்சனைச் சீட்டில் உங்கள் இல்லத்தார் பெயர்களைச் சொல்லும்போது, இந்த நேரத்தில் எங்கோ ஒரு தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நின்று முடிவெடுக்க இயலாமல் தவிக்கும் ஒரு தாய்க்காகவும், உள்ளே விழித்திருக்கும் ஒரு செவிலியருக்காகவும் மனத்துக்குள் ஒரு சொல் வேண்டிக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்ல நம்மால் இயலாது. ஆடல்வல்லானுக்கு அது குறையாகாது.